கேபிள் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டினால்: முள்ளைத் தொடும் முன் ஓடோமீட்டரைப் பாருங்கள்

கேள்வி: தொண்ணூறுகளில் வந்த மாருதி ஜிப்ஸி. கேபிளில் ஓடும் பழைய மீட்டர். டயர், வண்டிக் கம்பெனி கொடுத்த அளவுதான். போனில் ஜிபிஎஸ் 40 காட்டும்போது மீட்டர் முள் 48-ல் நிற்கிறது, 60-க்கு 71, 72, 80-க்கு 95. முள்ளைக் கழற்றி 12 கிலோமீட்டர் கீழே தள்ளிப் பொருத்தினால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

செய்ய வேண்டாம். 12 குறைத்து வைத்தால் 60-ல் மீட்டரும் 60 காட்டும், சரியாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் உண்மையான 80-ல் 83 காட்டும், 40-ல் 36 காட்டும். ஊருக்குள் ஓட்டும் வேகத்தில் குறைத்துக் காட்டும் மீட்டர், இப்போது கூட்டிக் காட்டுகிற மீட்டரைவிட மோசம். முள்ளை நகர்த்துவது எல்லா வேகத்திலும் பிழை ஒரே அளவாக இருந்தால் மட்டுமே செல்லும். உங்கள் பிழை வேகத்தோடு சேர்ந்து வளர்கிறது: 8, பதினொன்றரை, 15. இது விகிதப் பிழை. அதற்கு மருந்து வேறு.

உங்கள் எண்களை இப்படிப் பாருங்கள். உண்மை வேகம் 40-லிருந்து 80-க்கு ஏறும்போது, அதாவது 40 கூடும்போது, முள் 48-லிருந்து 95-க்கு, 47 ஏறுகிறது. 47-ஐ 40-ஆல் வகுத்தால் 1.175. ஆக விகிதம் பதினேழரை சதவீதம் அதிகம். 40-ஐ 1.175-ஆல் பெருக்கினால் 47. முள் காட்டுவது 48. மீதி 1 கிலோமீட்டர்தான் முள் பொருத்திய இடத்தின் பிழை. விகிதத்தைச் சரிசெய்த பிறகு அந்த ஒன்றைப் பற்றிக் கவலைப்படலாம், கவலைப்படாமலும் இருக்கலாம்.

அந்தப் பதினேழரை எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு மீட்டருக்குள் நடப்பது தெரிய வேண்டும்.

கேபிள் மீட்டரின் பின்புறம் நுழைந்ததும் அதன் சுற்று இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வார்ம் கியர் (திருகு போன்ற பல்சக்கரம்) வழியாக, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரின் எண் சக்கரங்களைத் திருப்புகிறது. இது பல்லோடு பல் பிடித்து ஓடுவது, வழுக்காது, தளராது. பல் உடைந்தால் நிற்கும், அவ்வளவுதான். இன்னொன்று, ஒரு நிரந்தரக் காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் கவிழ்ந்து ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அது கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கிறது. கிண்ணத்தின் தண்டில்தான் முள். கூடவே ஓடிவிடாமல் அதைப் பிடித்து வைப்பது ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள். இழுவை வேகத்துக்கு நேர்விகிதம், ஸ்பிரிங்கின் எதிர்ப்பு திரும்பிய கோணத்துக்கு நேர்விகிதம். இரண்டும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். 1902-ல் ஓட்டோ ஷுல்ட்சே என்ற ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. அம்பாசடர், பத்மினி, ஜிப்ஸி, பழைய புல்லட் எல்லாவற்றிலும் அடிப்படை இதேதான். (1950-களின் பிரிட்டிஷ் பைக்குகளில் வந்த ஸ்மித்ஸ் க்ரோனோமெட்ரிக் மீட்டர் மட்டும் வேறு ஜாதி. அதில் முள் வழுக்கி ஏறாது, தாவித் தாவி ஏறும். உள்ளே கடிகார எந்திரம். அதைத் திறக்கவே திறக்காதீர்கள்.)

ஆக, ஒரே டப்பாவுக்குள் இரண்டு கருவி. ஓடோமீட்டர் எண்ணுகிறது, முள் அளக்கிறது. இரண்டுக்கும் வரும் சுற்று ஒன்று. அதனால் ஓடோமீட்டரும் அதே பதினேழரை சதவீதம் கூட ஓடினால், தவறு மீட்டருக்கு வரும் சுற்றில்: டயர், பினியன் (கேபிளைத் திருப்பும் சிறு பல்சக்கரம்), டிஃபரென்ஷியல் (சுற்றை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி), அல்லது வேறு வண்டியின் மீட்டர் மாட்டியிருப்பது. ஓடோமீட்டர் சரியாக ஓடி முள் மட்டும் பொய் சொன்னால், தவறு காந்தம், கிண்ணம், ஸ்பிரிங் இந்த மூன்றுக்குள். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் மீட்டரைத் திறப்பவர்கள்தான் நல்ல மீட்டரைக் கெடுப்பவர்கள்.

ஓடோமீட்டரைச் சோதிப்பது

நெடுஞ்சாலையில் 10 கிலோமீட்டர், ஜிபிஎஸ் தூரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு கிலோமீட்டர் போதாது. கடைசி எண் சக்கரத்தைக் கண்ணால் பார்ப்பதில் வரும் பிழையே சில சதவீதம் இருக்கும். கிலோமீட்டர் கல்லையும் பயன்படுத்தலாம், ஆனால் சாலையை அகலப்படுத்தும்போதும் புறவழிச்சாலை போடும்போதும் கல் இடம் மாறும். எனவே ஒரு கல்லை நம்பாமல், நேரான பகுதியில் பத்துக் கல் தாண்டிப் பாருங்கள்.

வேகத்துக்கும் கல்லும் ஸ்டாப் வாட்சும் போதும்: 3600-ஐ ஒரு கிலோமீட்டருக்கு ஆன வினாடியால் வகுத்தால் வேகம். 60 வினாடி என்றால் 60, 45 வினாடி என்றால் 80. ஜிபிஎஸ் பார்ப்பதாக இருந்தால் வேகத்தை மாற்றாமல் பத்து வினாடியாவது பிடித்து வைத்துப் படியுங்கள். வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜிபிஎஸ் ஒன்றிரண்டு வினாடி பின்தங்கியே காட்டும். படிப்பதும் எழுதுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேலை.

ஓடோமீட்டரும் கூட ஓடினால்

டயரை முதலில் தள்ளிவிடலாம். ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ. புதிதில் 8 மி.மீ. இருந்த பட்டன் 1.6 வரை தேய்ந்தாலும் வித்தியாசம் 2 சதவீதத்தைத் தொடாது. பதினேழரை சதவீதம் டயரால் வர வேண்டுமானால் டயரின் விட்டம் 10 செ.மீ. சிறுத்திருக்க வேண்டும். டயர் பொதுவாக எதிர்த்திசையில்தான் ஏமாற்றும்: ஆஃப்ரோடுக்காக 235/75 ஆர்15 போட்டவர்களுக்கு விட்டம் 733.5 மி.மீ. ஆகிறது, கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரிது. அவர்கள் உண்மையில் 80-ல் போகும்போது மீட்டர் 73 காட்டும், ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்து ஓடும், ஆயில் மாற்றும் கணக்கும் தள்ளிப்போகும்.

அடுத்து, வண்டி தருகிற சுற்றையும் மீட்டர் எதிர்பார்க்கிற சுற்றையும் தனித்தனியே எண்ண வேண்டும். இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் யாரும் உங்களிடம் கதை விட முடியாது.

வண்டி தருவது: மீட்டரின் பின்னாலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். வெளியே நீளும் இன்னர் (உறைக்குள் சுழலும் கம்பி) முனையில் ஒரு துண்டு டேப்பைக் கொடி போல ஒட்டுங்கள். சமதளத்தில் 50 மீட்டரை அளவு நாடாவால் அளந்து இரண்டு கோடு. கியர் நியூட்ரல், உள்ளே ஓட்டுநர் எடைக்கு ஓர் ஆள், காற்று சரியான அழுத்தத்தில். வண்டியைத் தள்ளிக்கொண்டே கொடி எத்தனை முறை சுற்றுகிறது என்று கால் சுற்று வரை எண்ணுங்கள். அதை 20-ஆல் பெருக்கினால் ஒரு கிலோமீட்டருக்கான சுற்று. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றி எண்ணலாமே என்று தோன்றும். செய்தால் டிஃபரென்ஷியல் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: மறு சக்கரம் தரையில் நிற்கும்போது, தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் வண்டி ஒரு சக்கரச் சுற்று தூரம் போனதற்குச் சமம்.

மீட்டர் எதிர்பார்ப்பது: பழைய ஐரோப்பிய மீட்டர்களில் டயலிலேயே இருக்கும். வி.டி.ஓ. என்ற ஜெர்மன் கம்பெனி டயலின் அடியில் சின்ன எழுத்தில் ‘டபிள்யூ’ போட்டு 0.75, 1.0 என்று ஓர் எண் இருந்தால் அது ஒரு மீட்டர் தூரத்துக்கான சுற்று, 1.0 என்றால் கிலோமீட்டருக்கு 1000. பிரிட்டிஷ் ஸ்மித்ஸ் மீட்டரில் 1000, 1280 போன்ற எண் இருந்தால் அது மைலுக்கானது. ஜப்பானியத் தொழில்தரப்படி வரும் கார் மீட்டர்களுக்குக் கிலோமீட்டருக்கு 637 சுற்று. ஜப்பானிய பைக்குகளில் 1400 அதிகம் காணப்படும். டயலில் எண் இல்லையென்றாலும், இருந்தும் நம்பிக்கை இல்லையென்றாலும், பழைய கேபிளின் இன்னரில் ஒரு சாண் வெட்டி, சதுர முனையை மீட்டரில் செருகிக் கையால் திருப்புங்கள். ட்ரிப் மீட்டரின் (சுழியமாக்கக்கூடிய சிறு தூர எண்ணி) நூறு மீட்டர் எண் ஒன்று நடுவில் நேராக நிற்பதில் தொடங்கி அடுத்த எண் அதே இடத்துக்கு வரும்வரை எண்ணினால் 0.1 கிலோமீட்டருக்கான சுற்று. 637 சுற்று மீட்டர் என்றால் அறுபத்து நான்கை ஒட்டி வரும். ஐந்து எண் தொடர்ந்து எண்ணிச் சராசரி எடுத்தால் துல்லியம் கூடும்.

இரண்டு எண்ணும் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் சுற்றில் தவறில்லை. வண்டி 750 தருகிறது, மீட்டர் 637 கேட்கிறது என்று வந்தால் உங்கள் பதினேழரை கிடைத்துவிட்டது: யாரோ டிரான்ஸ்ஃபர் கேஸிலோ (சுற்றை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) டிஃபரென்ஷியலிலோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது மீட்டர் வேறு வண்டியுடையது. ஜிப்ஸியில் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து எழுகிறது. டிஃபரென்ஷியல் அதற்குப் பின்னால் இருப்பதால் அதிலுள்ள கிரவுன் பினியன் பல் விகிதம் மாறினாலும் மீட்டர் மாறும். மீட்டர் பினியனில் பல் கூடினால் கேபிள் மெதுவாகும், முள்ளும் இறங்கும். பல் குறைந்தால் ஏறும். 17 பல்லுக்குப் பதில் 20 பல் என்றால் 750 ஏறக்குறைய 637 ஆகும். ஆனால் பல் எண்ணிக்கை மாறும்போது பினியனின் விட்டமும் மாறும். பொருந்துகிற கூடு இல்லாமல் பினியனை மட்டும் மாற்றினால் சில நூறு கிலோமீட்டரில் பல் தேய்ந்து தூள் ஆயிலில் கலக்கும். கிடைத்தால் சரியான மீட்டர், கிடைக்காவிட்டால் கேபிளின் நடுவே மாட்டும் சிறு விகிதப் பெட்டி, இந்த இரண்டுதான் உருப்படியான வழி. இந்த நிலையில் ஸ்பிரிங்கைத் திருத்தி முள்ளைச் சரிக்கட்டுவது மட்டும் கூடாது. முள் சரியாகும், ஓடோமீட்டர் காலமெல்லாம் கூட ஓடும்.

கேபிளைப் பற்றி ஒரு சந்தேகம் வரும்

கேபிள் ஒருபோதும் நிலையான விகிதப் பிழை தராது. கீழே ஒரு சுற்று என்றால் மேலேயும் ஒரு சுற்றுதான். வறண்ட கேபிளும் மடங்கிய கேபிளும் முள்ளை ஆடவைக்கும், குறைந்த வேகத்தில் துள்ளவைக்கும், கடைசியில் அறுந்து நிற்கவைக்கும். எனவே முள் 20-க்கும் 40-க்கும் இடையே துடித்தால் மீட்டரை விட்டுவிட்டுக் கேபிளைப் பாருங்கள், 15 செ.மீ. ஆரத்துக்கும் இறுக்கமான வளைவு எங்காவது இருக்கும். முள் ஆடாமல் நின்று பொய் சொன்னால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள்.

ஆனால் கேபிள் மறைமுகமாக மீட்டரைக் கெடுக்கும். சுழலும் இன்னர், கிரீஸைத் திருகுபோல மேலே ஏற்றிக்கொண்டே போகும். கீழ் முனையில் பினியன் ஆயில் சீல் போயிருந்தால் கியர் ஆயிலும் சேர்ந்து ஏறும். அது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே போய்ச் சேர்ந்தால், காந்தம் கிண்ணத்தைக் காற்று வழியாக இழுப்பது போதாதென்று எண்ணெயும் பிடித்து இழுக்கும். முள் கூட்டிக் காட்டும் பழைய மீட்டர்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அடையாளம் சுலபம்: காலையில் கிளப்பும்போது அதிகமாகக் காட்டும், அரைமணி ஓடி எண்ணெய் இளகியதும் கொஞ்சம் இறங்கும், வண்டி நின்ற பிறகு முள் சுழியத்துக்கு உடனே விழாமல் சோம்பலாக வரும். கேபிளைக் கழற்றி மீட்டரின் கழுத்துத் துளையில் காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டுப் பாருங்கள். கறுப்பாக, ஈரமாக வந்தால் உள்ளேயும் அதேதான்.

மீட்டரைத் திறப்பது

ஓடோமீட்டர் சரி, சுற்று சரி, முள் மட்டும் தவறு என்று உறுதியானால் இங்கே வாருங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி, கிளஸ்டரை (மீட்டர்கள் அடங்கிய முகப்புப் பெட்டி) வெளியே எடுங்கள். ஓடோமீட்டர் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியும் முகமூடியும் கிளிப்பிலோ ஸ்க்ரூவிலோ நிற்கும் மாதிரியென்றால் வேலை எளிது. அம்பாசடர் காலத்து வட்ட மீட்டர்களில் குரோம் வளையம் பின்னால் மடித்து அழுத்தியிருக்கும். மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் சுற்றிச் சுற்றி, ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சமாக நெம்ப வேண்டும். ஒரே இடத்தில் நெம்பினால் வளையம் கிழியும்.

முள்ளைக் கழற்றும் முன் செய்தே ஆக வேண்டியது ஒன்று. முள் ஓய்வெடுக்கும் இடத்தில் ஒரு சிறு ஆணி இருக்கும். முள்ளை மெல்லத் தூக்கி அந்த ஆணியைத் தாண்டி விடுங்கள். பெரும்பாலும் அது சுழியத்துக்கும் கீழே போய் நிற்கும். ஸ்பிரிங் முழுக்கத் தளர்ந்த உண்மையான ஓய்வு இடம் அதுதான். டயலில் மாஸ்கிங் டேப் ஒட்டி அந்த இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். முள்ளை ஆணியிலேயே வைத்துப் பொருத்திவிட்டு, ஸ்பிரிங் இறுக்கம் தொலைந்துபோய் எல்லா வேகத்திலும் கூட்டிக் காட்டும் மீட்டர்கள் பல, இந்தக் குறியைப் போடாததால் வந்தவை.

முள்ளை எடுக்க டயலின்மேல் தடித்த காகிதம் வைத்து, இரண்டு பக்கமும் டீஸ்பூன் கொடுத்து நேர் மேலாக உயர்த்துங்கள். முறுக்கினால் ஸ்பிரிங் போச்சு.

கிண்ணத்தையும் காந்தத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். பெட்ரோல், தின்னர், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் கூடாது. டயலின் எழுத்து கரையும், ஸ்ப்ரே விட்டுப்போகும் படலமே மறுபடி இழுக்கும். காந்தத்தில் மீசைபோல இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் ஊதினால் போகாது, செலோ டேப்பை ஒற்றி எடுங்கள். ஹேர்ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள்: சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இரண்டு சுற்று ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் அந்த அளவு குறைந்து விறைப்பாகும், மேல் வேகங்களில் குறைத்துக் காட்டும். ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்தான், வளைவு அல்ல; ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டாலே பிரியும்.

எண்ணெய் போட வேண்டிய ஒரே இடம், கேபிள் நுழையும் தண்டின் தாங்கி. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அங்கே ஃபெல்ட் இருந்தால் இரண்டு. முள் தண்டின் முனைகளுக்கு ஒன்றும் வேண்டாம்.

பல மீட்டர்களில் இத்தோடு கதை முடிந்துவிடும். சுத்தம் செய்ததும் அளந்து பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

டிரில் மெஷினில் அளப்பது

சாலையில் ஓட்டி, கழற்றி, திருத்தி, மறுபடி ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. வேகம் மாற்றக்கூடிய டிரில், முன்பு வெட்டிய கேபிள் துண்டு, ஒளியால் சுற்று எண்ணும் சிறிய டேக்கோமீட்டர், இவை போதும். டிரில் சக்கில் பளபளப்பு டேப் ஒட்டி டேக்கோமீட்டரைக் காட்டுங்கள். கணக்கு இது: கிலோமீட்டருக்கான சுற்றை வேகத்தால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கான சுற்று. 637 சுற்று மீட்டருக்கு 40-ல் 425, 60-ல் 637, 80-ல் 849, 100-ல் 1062. 1000 சுற்று மீட்டருக்கு 667, 1000, 1333, 1667.

டிரில்லின் விசையைக் கையால் பிடித்தால் சுற்று அலையும். கேபிள் டையால் இறுக்கிக் கட்டி நிலைப்படுத்துங்கள். தெரிந்த லேத் பட்டறை இருந்தால் இன்னும் நல்லது, லேத்தின் சுற்று அலையாது. திசை முக்கியம்: முள் ஏறும் திசையில்தான் சுற்ற வேண்டும். தெரியாவிட்டால் முதலில் விரலால் திருப்பிப் பாருங்கள். எதிர்த்திசையில் ஓட்டினால் ஓடோமீட்டர் சிக்கிக்கொள்ளும், கேபிள் துண்டும் புரி பிரியும்.

சோதனையை நிழலில், ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு எடுங்கள். அலுமினியத்தின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் கூடும், அதனால் கிண்ணத்தின் இழுவை குறையும். இதை ஈடுகட்ட, காந்தத்தை ஒட்டி நிக்கல்-இரும்புக் கலவையில் ஒரு மெல்லிய வளையம் இருக்கும். சூடாகும்போது அது காந்தப்புலத்தைத் திருடுவதைக் குறைத்துக்கொள்ளும். உள்ளே கிடந்த அந்தத் தகட்டை வாஷர் என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அது இல்லாத மீட்டர் எப்போதும் கூட்டிக் காட்டும், வெயிலில் நிற்கும் வண்டியில் 20 டிகிரி ஏறினால் அதிலிருந்து 8 சதவீதம் இறங்கும். காலைக்கும் மதியத்துக்கும் வேறு வேறு எண் என்றால் முதலில் அந்த வளையம் இருக்கிறதா பாருங்கள்.

விகிதத்தைத் திருத்துவது

இலக்கு என்ன? முள் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். ஐ.நா. ஐரோப்பிய ஆணையத்தின் 39-ம் விதி கார்களுக்கு வைத்திருக்கும் எல்லை, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கிலோமீட்டரும். அதாவது 40-ல் 48 வரை, 80-ல் 92 வரை. உங்கள் மீட்டர் 40-ல் அந்த எல்லையில் நிற்கிறது, 80-ல் தாண்டிவிட்டது. 3 சதவீதம் மட்டும் கூட வைத்துக்கொண்டால் 80-ல் 82-ஐ ஒட்டி வரும், அது போதும். 1.175-ஐ 1.03-க்குக் கொண்டுவர 12 சதவீதம் இறக்க வேண்டும்.

ஸ்பிரிங்கின் வெளிமுனை ஒரு சிறு தகட்டுக் கையில் ஆப்பு வைத்தோ சால்டர் வைத்தோ பிடித்திருக்கும். அந்தக் கையை இடம் வலமாகத் தள்ளினால் சுழியம் மட்டும் நகரும், விகிதம் மாறாது. விகிதம் மாற வேண்டுமென்றால் ஆப்பைத் தளர்த்தி ஸ்பிரிங்கையே உள்ளே இழுத்து, வேலை செய்யும் நீளத்தைக் குறைக்க வேண்டும். நீளம் எத்தனை சதவீதம் குறைகிறதோ, முள் ஏறக்குறைய அத்தனை சதவீதம் இறங்கும். சராசரிச் சுற்று விட்டம் 12 மி.மீ., ஐந்து சுற்று என்றால் மொத்தம் 188 மி.மீ.; 5 சதவீதம் என்றால் 9 மி.மீ. பழைய பிடியிடத்தில் மெல்லிய பேனாக் குறி வையுங்கள். ஒரு தடவைக்கு 3 மி.மீ. இழுத்து, பிடித்து, டிரில்லில் பாருங்கள். சுழியம் ஒவ்வொரு தடவையும் நன்றாகவே விலகும். பரவாயில்லை, முள்ளை எப்படியும் கடைசியில்தான் பொருத்தப் போகிறோம். இப்போதைக்கு இரண்டு வேகத்துக்கு இடையே முள் நகரும் அளவை மட்டும் பாருங்கள்.

5, 6 சதவீதம் வரை ஸ்பிரிங்கில் தீர்ப்பது நியாயம். 12 சதவீதம் கேட்கிறது என்றால் முதலில் வேறு காரணம் தேடுங்கள். நன்றாக இருந்த ஸ்பிரிங் தானாக அவ்வளவு தளராது. சுத்தம் செய்ததில் எத்தனை போனது? ஈடுகட்டும் வளையம் காணோமா? யாராவது காந்தத்துக்கு மறுபடி காந்தமேற்றினார்களா? கிண்ணம் காந்தத்துக்கு மிக நெருக்கமாக இறங்கியிருக்கிறதா? இதையெல்லாம் பார்த்த பிறகும் மீதம் இருந்தால் அது காந்தத்தில் தீர்க்க வேண்டியது.

காந்தத்தில் ஒரு கணக்கு உண்டு: இழுவை, காந்தப்புலத்தின் வர்க்கத்துக்கு விகிதம். புலத்தை 6 சதவீதம் குறைத்தால் முள் 12 சதவீதம் இறங்கிவிடும். மாறுமின்னோட்டம் ஓடும் சுருளை அருகே கொண்டுவந்து மெல்ல விலக்கினால் புலம் குறையும். எவ்வளவு குறையும் என்பது கையளவு தூரத்தில் தீர்மானமாகிறது. அதிகமாக இறக்கிவிட்டால் திரும்ப ஏற்றக் காந்தமேற்றும் கருவி வேண்டும். அது வீட்டில் இருக்காது. ஆகவே ஸ்பிரிங்கை வீட்டிலேயே தொடலாம், காந்தத்தை மீட்டர் ரிப்பேர் கடையில் மட்டும். குறைத்துக் காட்டும் மீட்டரை ஏற்றிவிடலாம் என்று நியோடிமியம் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோவது வேண்டவே வேண்டாம், துருவங்கள் கோணலாகும்.

விகிதம் அமைந்ததும் முள். சுழியத்தில் வைத்துப் பொருத்தாதீர்கள். டிரில்லை 60-க்குரிய சுற்றில் ஓடவிட்டு, தண்டு நிலைத்ததும் முள்ளை 62-ல் லேசாகச் செருகுங்கள். 40-ஐயும் 80-ஐயும் பாருங்கள். இரண்டும் ஒத்தால் நிறுத்தி, தண்டைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு முள்ளை அழுத்தி, ஆணியைத் தாண்டித் தூக்கி, பழையபடி ஆணியில் சாயும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தாங்காமல் அழுத்தினால் அடித் தாங்கி நொறுங்கும், முள் பிறகு எப்போதும் நடுங்கும்.

மறுபடி வண்டியில் மாட்டும்போது கேபிளின் மேல் 20 செ.மீ.க்குக் கிரீஸ் வேண்டாம், மற்றதற்கு லேசாக. அவுட்டருக்கு (உறைக்கு) வெளியே நீளும் இன்னர் பழைய கேபிளில் இருந்த அளவே இருக்க வேண்டும். ஸ்மித்ஸ் வகைகளில் அது சுமார் 9.5 மி.மீ. கூடுதலாக நீண்டால் நட்டை இறுக்கும்போது மீட்டர் தண்டை முட்டித் தள்ளி, காந்தம் கிண்ணத்தை உரசும். முள் ஒரே தாவலில் கடைசி எண்ணுக்கு ஓடுவது அப்போதுதான். எண்ணெய்தான் பிரச்சினையாக இருந்திருந்தால் கீழே பினியன் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள். சில ரூபாய் ரப்பர்.

கடையில் கொடுப்பதாக முடிவு செய்தால் ‘மீட்டர் கூட்டிக் காட்டுது’ என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். முள்ளைத் தள்ளி வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரு சீட்டில் மூன்று எண் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டுங்கள்: கிலோமீட்டருக்கு இத்தனை சுற்று, 40-க்குரிய சுற்றில் 41 அல்லது 42 காட்ட வேண்டும், 80-க்குரிய சுற்றில் 82 முதல் 84. வாங்கும்போது அந்த இரண்டு வேகத்திலும் டிரில்லில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.